பற்று வைக்கக் கொடுத்த செயின் எடை குறைந்து வந்திருக்கிறது, என்ன செய்யலாம்?

கயல்_மதுரை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்து வழி சொல்லுங்கள்.

தொண்ணூறுகளில் அம்மா எனக்கும் அக்காவுக்கும் ஒரே ஆசாரியிடம் ஒரே மாதிரி இரண்டு கோதுமைச் செயின் செய்து வைத்தார். ஒவ்வொன்றும் மூன்றரைப் பவுன். என் செயினில் கொக்கி சேரும் இடத்து வளையம் விட்டுப்போனது. சூடு காட்டி ஒட்டிப் பற்று வைக்கும் சின்ன வேலைதான். ஏற்கெனவே மூக்குத்தி, வெள்ளிக் கொலுசு எல்லாம் வாங்கிய கடை என்பதால் அங்கேயே கொடுத்தேன். எடையையும் ரசீதில் எழுதித் தரும்படி கேட்டேன். "இந்த மாதிரி சின்ன வேலைக்கெல்லாம் எடை போடுறதில்லம்மா, நீங்க நம்ம பழைய கஸ்டமர்" என்று சொல்லி, 'செயின் 1, பற்று' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பட்டறைக்கு அனுப்ப வேண்டும், சாயங்காலம் வாருங்கள் என்றார்கள்.

சாயங்காலம் புதுசு போலப் பளபளவென்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் டாலர் வழக்கத்தைவிட மேலே நிற்கிறது. சந்தேகம் வந்து வேறு கடையில் எடை போட்டேன். 26.410 கிராம்.

பழைய எடைக்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. இந்தச் செயினைக் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்திருந்தோம். ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்களை அரசு தள்ளுபடி செய்தபோது 2022இல் திரும்ப வந்தது. அந்தக் கடன் ரசீதில் மொத்த எடை 28.400, நிகர எடை 28.150 என்று இருக்கிறது.

கடையில் போய்க் கேட்டால் முதலில் பாலிஷில் போயிருக்கும் என்றார்கள். அப்புறம், பழைய நகை, அழுக்குப் போயிருக்கும் என்றார்கள். கடைசியில், சங்கத்து மதிப்பீட்டாளர் எடையைத் தப்பாகப் போட்டிருப்பார் என்றார்கள். ஒரு கேள்விக்கு மூன்று பதில் வந்தால் நான் எதை நம்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செல்வி_திருச்சி:

படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது கயல். எனக்கு நடந்தது கல் தோடு. அத்தையின் பழைய கெம்புத் தோட்டைத் திருகாணி மாற்றக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது இரண்டு கல் கறுத்துப்போய் வந்தது. அந்தக் காலத்து மூடு வேலையில் கல்லுக்கு அடியில் மினுக்குத் தாள் வைத்திருப்பார்களாம். கழுவும்போது தண்ணீர் உள்ளே போனால் அந்தத் தாள் கெட்டுக் கல் இருண்டுவிடுமாம். இது வேலை செய்கிறவருக்குத் தெரியாதா? "முன்னாடியே அப்படித்தாம்மா இருந்துச்சு" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். கொடுக்கும்போது எடுத்த படம் எதுவும் என்னிடம் இல்லாததால் அதோடு நின்றுவிட்டது. உங்களிடம் ரசீது இருக்கிறது, விடாதீர்கள்.

---

நாஞ்சிலான்:

ஆசாரிகள் தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பார்கள், அதாவது பெற்ற தாயின் தங்கத்திலும் துளி எடுத்துக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இந்தத் தொழிலே இப்படித்தான். ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்குப் போனாலும் இதே கதைதான். அலைந்து திரிந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி.

---

பட்டறை_கோவை:

நாஞ்சிலான் அண்ணா, உங்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பழமொழியைக் கேட்டுக்கேட்டே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். என் தாத்தாவும் அப்பாவும் கரி அடுப்பும் ஊதுகுழலுமாக வேலை செய்தவர்கள். யாருடைய பொன்னிலும் கை வைத்ததில்லை. மெஷின் நகை வந்த பிறகு கையால் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிறவர்களையும் இப்படிச் சொன்னால் வலிக்கிறது.

கயல் சகோதரிக்கு வருகிறேன். அவர்கள் சொன்ன மூன்று காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாலிஷ்: ஒரு இடத்தில் பொடி (உருகி ஒட்டும் உலோகக் கலவை) வைத்துப் பற்ற வைத்து, அதற்குப் போட்ட வெண்காரத்தின் கறையை எடுத்து, லேசாக மெருகு போட்டால் குறைவது மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். நூறு மில்லி குறைந்தாலே நான் வேலைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்பேன். பொடியும் தங்கம் கலந்ததுதான், அது எடையில் கூடத்தான் செய்யும். இன்னொன்று, மெருகில் போகும் தூள் காற்றில் கரைந்து போவதில்லை. பட்டறையில் தரையைக் கூட்டிய தூசியைக்கூடச் சேர்த்துவைத்து உருக்கித் தங்கம் பிரிப்போம்.

அழுக்கு: கோதுமைச் செயினில் எண்ணெயும் சோப்பும் சேரும், உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 22 காரட் தங்கம் ஒரு கன சென்டிமீட்டர் கிட்டத்தட்ட 17.7 கிராம் இருக்கும். உங்கள் 28 கிராம் செயினில் உள்ள மொத்தத் தங்கமே 1.6 கன சென்டிமீட்டர்தான். எண்ணெய் அழுக்கு ஏறக்குறைய தண்ணீர் அளவுதான் கனக்கும். நிகர எடையில் குறைந்திருக்கும் 1.74 கிராமும் அழுக்கு என்றால் அது தங்கத்தைவிடப் பெரிய உருண்டையாக இருந்திருக்க வேண்டும். அப்படி ஒரு செயினைக் கழுத்தில் போட முடியாது. அதோடு, நிகர எடை போடும்போதே சங்கத்தில் கால் கிராம் கழித்திருக்கிறார்கள்.

மீதி இரண்டு வழிதான். ஒன்று, திராவகம். நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் சேர்த்தால் அது தங்கத்தைக் கரைக்கும். கொஞ்ச நேரம் முக்கி எடுத்துவிட்டுப் பிறகு அந்த நீரிலிருந்து தங்கத்தைப் பிரித்துக்கொள்வார்கள். இப்படிச் செய்திருந்தால் நீளம் மாறாது, கண்ணிகள் எல்லாம் மெலிந்து விளிம்பு மழுங்கியிருக்கும். இன்னொன்று, கண்ணிகளை வெட்டி எடுப்பது. அப்போது கனம் மாறாது, நீளம் குறையும். டாலர் மேலே நிற்கிறது என்று சொன்னீர்களே, அதைப் படித்ததுமே எனக்கு இரண்டாவதுதான் தோன்றியது.

அக்காவிடம் ஜோடிச் செயின் இருக்கிறது என்றீர்கள். இரண்டையும் அருகருகே நேராக வைத்து டேப்பால் அளந்து, ஒரே தராசில் எடையும் போட்டுச் சொல்லுங்கள்.

---

கயல்_மதுரை:

ரொம்ப நன்றி அண்ணா. அக்கா திண்டுக்கல்லிலிருந்து செயினோடு வந்தாள். கடைக்குத் தொடர்பில்லாத இன்னொரு இடத்தில் ஒரே தராசில் இரண்டையும் எடை போட்டோம். இரண்டிலும் ஒரே மாதிரி கொக்கிதான்.

அக்காவுடையது: 61 செ.மீ., 28.020 கிராம்.
என்னுடையது: 57.5 செ.மீ., 26.410 கிராம்.

அக்காவும் தினமும் போடுகிறவள்தான். தேய்மானம் என்று சொல்லவும் இடமில்லை.

---

பட்டறை_கோவை:

இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது.

28.020ஐ 61ஆல் வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 0.459 கிராம். உங்களுடையதில் குறைவது மூன்றரை சென்டிமீட்டர். பெருக்கினால் 1.607 கிராம். இரண்டு செயினுக்கும் இடையே எடை வித்தியாசம் 1.610 கிராம். கொக்கியின் எடையைத் தனியாகக் கழித்தால் கணக்கு ஒரு மயிரிழை முன்னபின்ன ஆகும், அவ்வளவுதான். கனம் அப்படியே இருக்கிறது, நீளம்தான் போயிருக்கிறது. திராவகமும் இல்லை, பாலிஷும் இல்லை. வெட்டியிருக்கிறார்கள்.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணிகள் சீக்கிரம் தேயும். தேய்ந்த கண்ணியில் பற்று வைத்தால் நிற்காது என்று இரண்டு மூன்று கண்ணியை நாங்களும் வெட்டுவோம். ஆனால் வெட்டும் முன் கேட்போம். வெட்டிய துண்டைத் தாளில் மடித்துக் கையில் கொடுப்போம். அது வாடிக்கையாளர் பொருள். மூன்றரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் துண்டைக் கொடுக்காமல், கேட்டால் பாலிஷ் என்று சொல்வது வேலைக்காரர் செய்கிற காரியம் இல்லை.

---

நகைக்கடை_ஊழியன்:

கடைப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். நான் கவுண்டரில் பதினைந்து வருடத்துக்கு மேல் நிற்கிறவன். ரிப்பேர் வேலையில் கடைக்கு லாபமே கிடையாது, வாடிக்கையாளர் போய்விடக் கூடாதே என்று செய்வது. நகை கடையிலிருந்து பையன் கையில் பட்டறைக்குப் போகும், அங்கே நான்கு பேர் கை மாறும், திரும்பி வரும். முதலாளிக்கே தெரியாமல் நடந்திருக்கலாம். எடுத்த எடுப்பில் கடையைத் திருட்டுக் கடை என்று முடிவு கட்டாதீர்கள். கூட்ட நேரத்தில் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் எடைச் சீட்டு போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதும் நிஜம்.

---

கயல்_மதுரை:

அண்ணா, நான் கொடுத்தது பட்டறைப் பையனிடம் இல்லை, கடையில். ரசீதில் இருப்பது கடைப் பெயர், கூலி வாங்கியது கடை. உள்ளே யார் கை மாறியது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. எலெக்ட்ரானிக் தராசு கவுண்டர் மேலேயே இருந்தது. விற்கும்போது மில்லிகிராம் வரை பார்த்துப் பணம் வாங்கும் அதே தராசு. வாங்கும்போது மட்டும் நேரமில்லை என்றால் எப்படி?

---

நகைக்கடை_ஊழியன்:

நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. சொல்லப்போனால், பட்டறைக்கு அனுப்பும்போதும் எடை போடாமல் அனுப்புவதால்தான் இடையில் இருப்பவர்களுக்குத் தைரியம் வருகிறது. எங்கள் கடையில் இதைப் பேசப்போகிறேன்.

---

வக்கீல்_தென்காசி:

சட்ட வழியைச் சொல்கிறேன்.

இது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, நீங்களே ஆஜராகலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் புகார் எண் வாங்கிவிடுங்கள். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும்.

ஆதாரம் உங்களிடம் நன்றாகவே இருக்கிறது. சங்கத்து ரசீது ஒரு மூன்றாம் தரப்பு ஆவணம், கடை அதை எளிதில் தள்ள முடியாது. ஜோடிச் செயின் அதைவிட வலுவானது. கூலியை ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவையும் எடுத்து வையுங்கள். இன்றே கடைக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். எந்தத் தேதி கொடுத்தேன், எந்தத் தேதி வாங்கினேன், எவ்வளவு குறைகிறது, அந்த இரண்டு நேரத்துக்குமான கேமரா பதிவை அழிக்காமல் வைத்திருங்கள் என்று எழுதுங்கள். கேமரா பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒப்படைத்த பொருளை எடுத்துக்கொள்வது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 316ஆம் பிரிவு. காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கலாம். ஆனால் யார் எடுத்தார் என்பதை அங்கே நிறுவ வேண்டியிருக்கும். உங்களுக்கு வேண்டியது தங்கம் என்றால் முதலில் நுகர்வோர் வழி போதும் என்பது என் கருத்து. வெளியே எங்கும் கடைப் பெயரைப் போடாதீர்கள், அது உங்களுக்கு எதிராகத் திரும்பக் கூடாது.

---

யாழ்_பவானி:

எங்கட ஊரில், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இப்பவும் பத்தருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து வேலையைப் பார்த்து வாங்கி வருகிற பழக்கம் இருக்கு. என் அம்மம்மா தாலிக்கொடி பற்றுவிக்கப் போனால் முடியும்வரை எழும்ப மாட்டா. நல்ல பத்தர்மார் அதைக் குறையாக நினைப்பதும் இல்லை. நகையைக் கொடுத்துவிட்டுப் பின்னேரம் வா என்று சொல்லும் பெரிய கடைகள் வந்த பிறகுதான் இந்தப் பிரச்சினை. கயல், உங்களுக்கு நல்லபடி முடிய வேண்டும்.

---

கயல்_மதுரை:

என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

பதிவுத் தபால் அனுப்பினேன், 1915இலும் பதிந்தேன். கடையிலிருந்து போன் வந்தது, நேரில் வரச் சொன்னார்கள். அக்காவோடு இரண்டு செயினையும் எடுத்துக்கொண்டு போனேன். முதலாளியே இருந்தார். இரண்டையும் கவுண்டரில் நீட்டி வைத்து, பட்டறை அண்ணா போட்ட கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். பாலிஷ் பேச்சு அதோடு நின்றது. இப்போது நான்காவதாக ஒரு பதில்: "கொக்கிகிட்ட கண்ணி தேஞ்சிருந்துச்சு, வெட்டித்தான் பத்த வைக்க முடிஞ்சுது." சரி, வெட்டிய துண்டு எங்கே என்று கேட்டேன். பட்டறையில் இருக்கும், வாங்கித் தருகிறேன் என்றார்.

மறுபடி போனபோது சின்னக் கவரில் ஒரு துண்டு கொடுத்தார்கள். எடை 1.600. ஆனால் அது கோதுமைச் செயினே இல்லை, பாக்ஸ் செயின்! கவரைப் பிரித்ததும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா இப்போது இல்லை. அம்மா உட்கார்ந்து பார்த்துச் செய்து வாங்கிய பொருள் அது. "தங்கம்தானேம்மா, எடை சரியா இருக்குல்ல" என்கிறார் அவர். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள், நான் போடவில்லை. சோதித்துப் பார்க்க எடுத்துப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன்.

அந்தத் துண்டை எங்கே சோதிப்பது?

---

பட்டறை_கோவை:

கையெழுத்துப் போடாமல் வந்தது ரொம்ப நல்லது.

பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) அங்கீகாரம் பெற்ற, தங்கத்தின் தரத்தைச் சோதித்து முத்திரை போடும் ஹால்மார்க் மையத்துக்கே நேராகப் போங்கள். கடைக்காரர்கள் மட்டுமில்லை, பொதுமக்களும் அங்கே சோதிக்கலாம். நான்கு உருப்படி வரை 200 ரூபாய், அதற்கு மேல் போனால் ஒன்றுக்கு 45 ரூபாய். உங்கள் செயின், அக்கா செயின், இந்தத் துண்டு மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். 22 காரட் என்றால் 916, அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். 18 காரட் 750.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். எக்ஸ்ரே மிஷின் மேல்பரப்பைத்தான் படிக்கும். துண்டுக்கு முலாம் பூசியிருந்தால் அது ஏமாற்றும். வெட்டு முனையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் செயினில் பற்று வைத்த இடத்தையும் பாருங்கள். அங்கே மட்டும் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் பயப்படாதீர்கள், செயின் உருகுவதற்கு முன் பொடி உருக வேண்டும் என்பதால் அதில் மாற்று (தங்கத்தின் தரம்) குறைவாகத்தான் இருக்கும். காட்மியம் கலந்த பொடியா என்றும் கேளுங்கள். கே.டி.எம். என்று ஒரு காலத்தில் பெருமையாக விற்றார்களே, அது. அந்தப் புகையைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஹால்மார்க் நகைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

---

கயல்_மதுரை:

சோதனை முடிந்தது. இரண்டு செயினும் 91 சதவீதத்துக்கு மேல், ஏறக்குறைய ஒன்றுபோலவே. அந்தப் பாக்ஸ் துண்டு 75 சதவீதம்தான். 22 காரட் போன இடத்தில் 18 காரட் கொடுத்திருக்கிறார்கள். காட்மியம் இல்லை என்று சொன்னார்கள், அந்த மட்டில் நிம்மதி.

---

வக்கீல்_தென்காசி:

அந்தச் சோதனை அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். இனிமேல் தெரியாமல் நடந்தது என்று கடை சொல்ல முடியாது. ஆணையத்துக்கான புகாரைத் தயார் செய்து, அதன் நகலோடு கடைசியாக ஒரு கடிதம் அனுப்புங்கள். பணமாகத் தர முன்வந்தால், அன்றைய 22 காரட் விற்பனை விலையில் கேளுங்கள், பழைய தங்கம் எடுக்கும் விலையில் இல்லை. கூலி, சோதனைச் செலவு, மறுபடி செய்ய ஆகும் செய்கூலி மூன்றையும் சேருங்கள்.

---

மீனா_தஞ்சை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஹால்மார்க் மோதிரம் ஒன்றை அளவு கூட்ட வேண்டும், நடுவில் முத்து. இந்த இழையைப் படித்த பிறகு கொடுக்கவே பயமாக இருக்கிறது. என்ன பார்த்துக் கொடுக்க வேண்டும்?

---

பட்டறை_கோவை:

பயப்பட வேண்டாம் தங்கச்சி. மோதிரத்தின் உள்பக்கம் ஆறு எழுத்தும் எண்ணுமாகக் கலந்த ஹெச்.யு.ஐ.டி. என்ற அடையாள எண் இருக்கும், 2021 ஜூலையிலிருந்து வந்த முறை. அது தெரியும்படி ஒரு படம், தராசில் வைத்து எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது அதே எண்தானா என்று பாருங்கள், பி.ஐ.எஸ். கேர் செயலியிலும் போட்டுப் பார்க்கலாம். வெட்டும் இடம் அந்த முத்திரை மேல் வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முத்து சூடு தாங்காது, அமிலமும் தாங்காது. முத்தைக் கழற்றிவிட்டுத்தான் பற்று வைக்க வேண்டும். கழற்ற வேண்டியதில்லை, அப்படியே செய்துவிடலாம் என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். அளவு கூட்டப் போடும் தங்கத்தையும் தனியாக எடை போட்டு எழுதி வாங்குங்கள்.

---

கயல்_மதுரை:

முடிந்தது. புகார் நகல் போன பிறகு கடையிலிருந்து ஆள் வந்தார். 1.610 கிராமுக்கு அன்றைய 22 காரட் விலை, பற்று வைத்த கூலி, சோதனைச் செலவு, புதிதாகக் கண்ணி செய்யும் கூலியில் பாதி கொடுத்தார்கள். முழுக் கூலியும் கேட்டேன், தரவில்லை. 18 காரட் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எதற்காகக் கொடுக்கிறோம் என்று அவர்கள் கடைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே புகாரை நிறுத்தினேன். யார் வெட்டியது என்று கடைசிவரை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கண்ணி சேர்க்க, அக்காவுக்குத் தெரிந்த திண்டுக்கல் ஆசாரி ஒருவரிடம் போனோம். வயதானவர், வீட்டுத் திண்ணையிலேயே பட்டறை. நாங்கள் கேட்கும் முன்பே தராசை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். செயின் 26.410, புதுக் கம்பி 1.600. அக்கா செயினைப் பார்த்துப் பார்த்து அதே முறுக்கில் கண்ணி செய்தார். முடித்த பிறகு எடை 27.995. பதினைந்து மில்லி குறைந்திருக்கிறது. அராவிய தூளைக் காகிதத்தில் தட்டிக் காட்டி, இதையும் எடுத்துப்போம்மா என்றார்.